நாலாம் ஓநாயின் கடைவாய்ப்பல்

அத்தியாயம் 9

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் நின்றது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எதுவும் நேராக நகரவில்லை.

நின்ற லிஃப்டுக்குள் இருந்தவள் சின்னவள். அவள் பல் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். லேப் நாலாவது மாடியில். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், விளக்கும் இல்லாமல், நாற்பது நிமிடம். கதவுக்கு வெளியே வந்து நின்ற மெக்கானிக், "பேசிக்கிட்டே இருங்க, பயம் தெரியாது" என்று மட்டும் சொன்னார். வீட்டில் நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற பெண், அன்றைக்கு வாயை மூடவில்லை. மெழுகில் எத்தனை வகை, பல்லுக்கு நிறம் எப்படிப் பார்ப்பது, ஆறாம் வகுப்பில் செருப்பைத் தொலைத்தது, அக்காவின் மாமியார் குறட்டை விடுவது என்று எல்லாவற்றையும் இருட்டில் கொட்டித் தீர்த்தாள். கதவு திறந்தபோது நன்றி சொல்லக்கூடத் தொண்டையில் ஈரம் இல்லை.

இரண்டாம் நாளே மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்கு வந்தார். இந்தக் குரலைக் கேட்டதுமே தம்பிக்கு மனசு முடிவாகிவிட்டது என்றார். அவன் அதிகம் பேசமாட்டான், கலகலவென்று பேசுகிற பெண்ணாக வந்தால் வீடு நிறையும் என்றார். கலகலவென்று பேசுகிற பெண், சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இன்று மாலை ஏழு மணிக்கு அந்த அக்கா போன் செய்வார். ஆமாவா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

காலையில் அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அதை நினைவுபடுத்தினாள். பத்தொன்பது நாளாக அம்மா ஒரே கட்சி.

"நல்ல பையன். கையில தொழில் இருக்கு. உன்னைத் தேடி வந்திருக்கான். சரின்னு சொல்லிடு."

"அவர் தேடி வந்தது என்னையான்னே எனக்குத் தெரியலைம்மா."

"பின்னே, லிஃப்டுக்குள்ள வேற யார் இருந்தா?"

உள்ளே இருந்தவள் வேறு யாரோதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது. பயந்துபோன ஒருத்தி. அவளை அதற்கு முன்னும் பின்னும் சின்னவளே சந்தித்ததில்லை.

அப்பா மேஜையின் மறுமுனையில் இருந்தார். அவர் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறவர். முப்பது வருஷமாக, இரைகிற மோட்டார்களோடுதான் அவருக்குப் பழக்கம். கோபம் கிடையாது, கெட்ட பழக்கம் கிடையாது. பேச்சும் கிடையாது, அம்மாவிடம் தவிர. டாக்டரிடம் அவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை அம்மாதான் சொல்வாள். மின்சார அலுவலகத்துக்கு அம்மாதான் போன் செய்வாள். கிடங்கு மேலாளர் லீவு தர மறுத்தால் அம்மாதான் அங்கே போய் நிற்பாள்.

"அவளைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். சின்னவள் அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"குடை எடுத்துட்டுப் போவியாம்" என்றாள் அம்மா.

சின்னவள் குடையை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கைபேசியைத் திறந்து, ஓநாய்ப் பட ரசிகர்களின் ஓநாய்க் குழுவுக்குள் போனாள். இந்தக் குழப்பத்தில் அவள் யாரிடமாவது யோசனை கேட்டாள் என்றால் அது அங்கேதான். ஆனால் தன் கதையாக அல்ல, சினிமாக் கதையாக.

அந்தப் படங்களைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். ஒரு துறைமுக ஊர். அங்கே ரத்தம் குடிக்கிற ஒரு வெளிறிய பையன், அவனைக் காதலித்துக்கொண்டு மழையில் அலையும் ஒரு பெண். ஊரைக் காவல் காக்க ஐந்து ஓநாய் மனிதர்கள். நாலு படம் வந்துவிட்டது, ஐந்தாவது இந்தச் சனிக்கிழமை. ஓநாயாக மாறிவிட்டால் மனிதப் பேச்சு எதுவும் அவர்களுக்குப் புரியாது, ஒரே ஒரு குரலைத் தவிர. அது யாருடைய குரல் என்பது அவர்கள் கையில் இல்லை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும். ரசிகர்கள் அதற்குக் குரல்பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் படத்தில் தலைமை ஓநாய்க்குப் பூட்டு விழுந்தது, துறைமுகத்தில் கப்பல் நேரம் அறிவிக்கிற ஒரு பெண்ணின் குரலில்.

இதைப் பற்றிக் குழுவில் எழுதாதவர்கள் இல்லை. இதைவிடப் பெரிய காதல் உலகத்திலேயே இல்லை என்றது ஒரு கட்சி. முதலில் ஓநாயைக் குளிப்பாட்டுங்கள், அப்புறம் காதலைப் பேசலாம் என்றது இன்னொரு கட்சி. இரண்டாம் படத்தில் கொட்டுகிற மழையில் ஓநாய்களின் ரோமம் நனையவே இல்லை, கம்ப்யூட்டரில் ஈரம் போட மறந்துவிட்டார்கள் என்று ஒருவர் நாற்பது படங்களோடு நிரூபித்திருந்தார். வெளிறியவன் கட்சிக்காரர்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்து, நாய் பிஸ்கட் படத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சின்னவள் அங்கே 'ஜன்னலோரம்' என்ற பெயரில் இருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் கேட்ட கேள்வி இது: 'பூட்டு அவனுக்கு விழுந்தது. அதற்காக அவள் ஏன் நாள் முழுக்கப் பேச வேண்டும்? அவன் கேட்டது ஒலிபெருக்கியில் வந்த குரல். வீட்டில் அவளுக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால்?'

நூற்றுப் பதினான்கு பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒரே ஒரு பதிலைத்தான் அவள் தினமும் படித்தாள். எழுதியவர் பெயர் 'நாலாம் ஓநாய்'. படத்தில் கூட்டத்தோடு நாலாவதாக நிற்கிற, ஒரு வசனம்கூட இல்லாத ஓநாய் அது.

'அவன் நல்ல ஓநாய். சிக்கலே அதுதான். கெட்டதாக இருந்தால் அவள் அன்றைக்கே கப்பல் ஏறியிருப்பாள். தான் பேசினால்தான் அவன் மனிதன் என்று ஆனபிறகு, அவள் எப்போது வாயை மூடுவது? முப்பது வருஷத்தில் ஒருத்திக்கு ஒரு நாள் தொண்டை கட்டக் கூடாதா? என்னைக் கேட்டால், அவளை முதல் கப்பலில் ஏற்றிவிடுவேன்.'

படத்தில் மொத்தக் கதையும் இரண்டு வருஷத்தில் முடிந்துவிடுகிறது. முப்பது எங்கிருந்து வந்தது என்று சின்னவள் யோசித்ததுண்டு. யாரோ ஓய்வு பெற்ற ஆசிரியர், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பதில்தான் அவளை இல்லை என்கிற பக்கம் முக்கால்வாசி தள்ளியிருந்தது. மீதிக் கால்வாசியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

லேபில் ஓநாய்கள் அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தன.

சனிக்கிழமை முதல் காட்சிக்கு ஓநாய்க் குழு கூட்டமாகப் போகிறது. முப்பத்தொரு பேருக்குக் கோரைப்பல் வேண்டும், நிஜப் பல்லின் மேல் கச்சிதமாக உட்கார்கிற மாதிரி. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு பல் டாக்டர், அவரும் ரசிகர்தான், எல்லோருக்கும் அளவெடுத்துக் கொடுத்திருந்தார். அவருடைய வழக்கமான லேப் இந்த விளையாட்டு வேலை வேண்டாம் என்று கையை விரித்துவிட்டதால் பெட்டி இங்கே வந்து சேர்ந்தது. பெட்டியில் இருந்த ஒவ்வொரு தாடை வார்ப்பிலும் நம்பரும், குழுவில் உள்ள பெயரும் மட்டும்.

தட்டுகளில் முப்பத்தொரு மேல்தாடை, கல்லாக இறுகும் மஞ்சள் மாவில் வார்த்தவை. சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்து, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, கோரைப்பல்லின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டாள். பத்தொன்பதாவது வார்ப்பைக் கையில் எடுத்தபோது அதன் அடியில் 'நாலாம் ஓநாய்' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேரில் பார்த்துவிட்ட மாதிரி. ஓய்வு பெற்ற ஆசிரியரின் தாடை இல்லை இது. சிறியது, குறுகியது, ஒரு பெண்ணுடையது. முன்பல்லில் ஒன்றின் ஓரத்தில் குட்டியாக ஒரு பள்ளம். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கு வருகிற பள்ளம்.

பிறகு இடது கடைவாய்ப்பல்லைப் பார்த்தாள்.

பார்த்தவள் வார்ப்பை மேஜையில் வைத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, மறுபடியும் பார்த்தாள்.

மேல்கடைவாய்ப்பல்லின் முகத்தில் குறுக்காக ஒரு வரப்பு ஓடும். வலது பல்லில் ஒரு பக்கமாகச் சாயும், இடது பல்லில் மறுபக்கமாக. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் சின்னவள் ஓர் இடது பல்லுக்கு உறை செய்தாள். மாதிரிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததோ வலது பல். மும்முரத்தில் அதை அப்படியே பார்த்துச் செதுக்கி, சூளையில் வைத்து, மெருகும் ஏற்றிவிட்டாள். டாக்டர் உறையை வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது பக்கத்தில் ஒரு வலது பல். வேறு செய்து தருகிறோம் என்று டாக்டர் சொன்னார். வாயின் சொந்தக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. என் பெண் செய்த முதல் பல், வரப்பு எந்தப் பக்கம் சாய்ந்தால் எனக்கென்ன, மெல்ல வந்தால் சரி என்றாள். டாக்டர் கடி படுகிற இடத்தை மட்டும் சரிசெய்து ஒட்டிவிட்டார்.

உலகத்தில் இன்னொரு வாயில் இருக்க நியாயமில்லாத பல் அது.

முதலாளி தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தார். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர் அவர். குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இது உன் பல்லாச்சே" என்றார். "அம்மா ஓநாய் ஆயிட்டாங்களா?"

"கோட்டு தைக்கறாங்க சார், இந்தக் கூட்டத்துக்கு. அதனால இருக்கும்" என்றாள் சின்னவள். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

கோட்டு தைப்பது உண்மைதான். அம்மா துணி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறாள். ஓநாய்க் கோட்டுக்குக் கழுத்துப்பட்டை எப்படி வரும் என்று பார்ப்பதற்காக நாலு படத்தையும் பார்த்தாள். வீட்டில் அதை 'அந்த நாய்ப் படம்' என்பாள். அவ்வளவுதான் சின்னவளுக்குத் தெரியும்.

கோட்டு தைக்கிறவர்கள் கோரைப்பல்லுக்கு அளவு கொடுப்பார்களா? முதல் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்று எழுதுவார்களா? காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினது யார்? முப்பது வருஷம் என்றால், அந்த நல்ல ஓநாய் அப்பாவா? ஜன்னலோரம் யார் என்று தெரிந்தே எழுதினாளா? தெரிந்து எழுதினாள் என்றால் வீட்டில் ஏன் வேறு மாதிரி? கேள்விகள் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன. சின்னவள் மெழுகை எடுத்தாள். கை மட்டும் குழம்பவில்லை. மதியத்துக்குள் பத்தொன்பதாம் நம்பர் கோரைப்பல் தயாராகிவிட்டது.

நாலு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு, அதை ஒரு சிறிய டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, அம்மாவின் கடைக்குப் போனாள்.

கடை என்பது இரண்டு தையல் இயந்திரமும், ஒரு திரைத் தடுப்பும், ஒரு நீளக் கண்ணாடியும். கம்பியில் ஓநாய்க் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. போலி ரோமம் கடை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அம்மா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, போன் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள்.

சின்னவள் டப்பாவைத் திறந்து இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

அம்மா பார்த்தாள். கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கினாள். வேறு லேபுக்குப் போகும் என்று டாக்டர் சொன்னாரே என்றாள். அப்புறம் கன்னத்தை இடது பக்கம் தொட்டுக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பல்லை அன்னிக்கே மாத்தியிருக்கணும்" என்றாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. எழுதினதெல்லாம் நிஜமா என்று கேட்டாள். சினிமாவைப் பற்றித்தானே எழுதினேன் என்றாள் அம்மா. முப்பது வருஷம் எந்தப் படத்தில் வருகிறது என்று சின்னவள் கேட்டாள். அம்மா இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். ஊசி ஏறி இறங்கியது, துணி இல்லாமல்.

"அப்பா உன்னைக் கஷ்டப்படுத்தினாராம்மா?"

"ஒரு நாளும் இல்லை. அதைத்தானே எழுதியிருக்கேன்."

"அப்போ கப்பல் எதுக்கு?"

"எனக்குக் கப்பல் வேண்டாம். ஒரு நாள் யாருக்காகவும் பேசாம இருக்கணும். அவ்வளவுதான். சனிக்கிழமை அதுக்குத்தான் போறேன். நாலாம் ஓநாய்க்கு வசனமே கிடையாது, மூணு மணி நேரம் சும்மா நிக்கலாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

சின்னவள் திரைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதைக் கேட்க வந்தோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"அப்படின்னா என்னை ஏம்மா சரின்னு சொல்லச் சொல்றே?"

அம்மா கோட்டில் ஒட்டியிருந்த ரோமத்தைத் தட்டினாள்.

"குழுவுல ஜன்னலோரம்னு ஒரு பொண்ணு. ரொம்பக் குழம்பிப்போய்க் கேட்டிருந்தா. அவளுக்கு மனசுல பட்டதை எழுதினேன். அவ யாரோ. அவ தனியா நின்னாலும் ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துடும். நீ தனியா நின்னா வராது. அதனால அவளுக்கு ஒண்ணு சொன்னேன், உனக்கு ஒண்ணு சொன்னேன்."

"ரெண்டுல எதும்மா சரி?"

"ரெண்டும்தான். நான் என்ன பண்ண."

"அந்த ஜன்னலோரம் நான்தாம்மா."

அம்மாவின் கை சக்கரத்திலேயே நின்றது. மகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், அளவெடுக்கிற மாதிரி. அப்போது பார்த்து ஒருவர் பேன்ட்டின் உயரம் குறைக்க வந்து நின்றார். அம்மா எழுந்து போனாள், அவருடைய பேன்ட்டைக் கணுக்காலில் மடித்துக் குண்டூசி குத்தினாள், ரசீது எழுதினாள், திரும்பி வந்தாள். முகம் கழுவி வந்தவள் மாதிரி இருந்தது.

"பல்லை மாட்டு, சரியா இருக்கான்னு பாக்கலாம்" என்றாள்.

சின்னவள் மாட்டிவிட்டாள். இரண்டு பல்லும் சிணுங்காமல் உட்கார்ந்தன. அம்மா கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். கோரைப்பல்லோடு ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் இருவரும் அப்படியே வந்தார்கள். பல் மட்டும் டப்பாவுக்குள் போயிருந்தது.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பல் வலியா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அப்பா மகளைப் பார்த்தார். மோட்டார் ஓடும்போது ஒரு சத்தம் குறைந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

மேஜை மேல் அம்மாவின் கைபேசி அடித்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிக்கிற கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து ஓய்ந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். மறுபடி அடித்தது. அப்பா "எடு" என்றார். அம்மா எடுக்கவில்லை. கோபமாகத் தெரியவில்லை. அசைவில்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆறாவது மணியில் அப்பா கையை நீட்டினார். சுடுகிற பாத்திரத்தைத் தூக்குவது போல விரல் நுனியால் எடுத்தார்.

"ஹலோ" என்றார். கிடங்குக்குள் கத்துகிற அளவுக்குச் சத்தமாக வந்தது. "ஆமா. அவ அப்பாதான். இருக்கேன். நல்லா இருக்கேன்." அந்தப் பக்கம் மெக்கானிக்கின் அக்கா நிறையப் பேசினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. அப்புறம் கைபேசியை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, நேராகச் சின்னவளைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கறாங்க" என்றார். "என்னம்மா சொல்லட்டும்?"

அப்பா அவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. பத்தொன்பது நாளாக ஆமாவையும் இல்லையையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தவளுக்கு, இப்போது இரண்டுமே கையில் இல்லை. வேறு ஒன்று இருந்தது.

"அவங்க அக்கா வேண்டாம்பா. அவரைப் பேசச் சொல்லுங்க."

அப்பா அதை அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அந்தப் பக்கம் அக்கா தடுமாறினார். அவனுக்குப் போனில் பேசிப் பழக்கமில்லையே, நானே சொல்லிவிடுகிறேனே, எதுவானாலும் என்னிடம் கேட்கலாமே என்றார். அப்பா அதற்கும் தலையாட்டினார். பிறகு, "இல்லைங்க. அவர்தான் பேசணுமாம். நாங்க காத்திருக்கோம்" என்றார். சொல்லிவிட்டு, தானா சொன்னோம் என்பது போல அம்மாவைப் பார்த்தார். அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

கைபேசி சின்னவளின் காதுக்கு வந்தது. தூரத்தில் ஒரு கதவு திறந்தது. யாரோ எழுந்து வருகிற சத்தம். அக்காவின் குரல் தாழ்ந்து, "உன்னைத்தான்டா, பேசு" என்றது. பிறகு அந்தக் குரல் விலகிப்போனது. மூச்சு மட்டும் கேட்டது.

சின்னவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. இருட்டில் கேட்ட அதே மௌனம், ஆளை உள்ளே இழுக்கிற மௌனம். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, இன்றைக்கு எந்த லிஃப்ட் நின்றது என்று எதையாவது போட்டு அதை நிரப்பிவிடத் தோன்றியது. நிரப்பினால் போதும், அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவார். இன்றைக்கு மட்டுமா?

அவள் கீழுதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் விநாடிகள் ஓடின. பதினொன்று. பன்னிரண்டு. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து மூன்றாவது விநாடியில், அந்தப் பக்கம் ஒரு தொண்டை கனைத்தது.